பைக்குள் ஒரு கைப்பிடி

சூலூரிலிருந்து கோயமுத்தூர் போகிற பஸ்ஸில் ஒரு பெண்மணி ஏறுகிறார். வாயல் சேலை, நெற்றியில் விபூதி, கையில் காக்கித் துணிப்பை. பையை மடியில் வைக்கும்போது 'ணங்' என்று சத்தம் கேட்கிறது. கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார். பையின் வாயிலிருந்து முழங்கை நீளத்துக்கு வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்று எட்டிப் பார்க்கிறது.

"ஏனுங்கம்மணி, இது என்னுங்க?"

"கைப்பிடிங்க."

"எதோட கைப்பிடிங்க?"

"டிரம்மு சுத்தறதுங்க."

"டிரம்மு எங்கீங்க?"

"அது ஷெட்டுல கெடக்குதுங்க. கைப்பிடி எங்கிட்ட இருந்தாத்தான் அது சும்மா கெடக்கும்."

கண்டக்டர் பக்கத்து சீட்டில் இருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாயா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்த அம்மாவின் ஷெட்டில் பிரஸ் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிப்ளமா முடித்து வந்தவன் என்கிற கர்வத்தை சட்டைப்பைப் பேனாவைப் போல வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டிருந்த வயது. அவரை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் அம்மணி. பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை இருந்தவர் அவருடைய கணவர். ஷெட்டைக் கட்டி, பிரஸ் மெஷினை வாங்கி நிறுத்தி, முதல் சுவிட்ச் மூடியை அச்சிலிருந்து எடுத்துப் பார்த்த சந்தோஷம் அடங்குவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். கருமாதி முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு, அம்மணி ஷெட்டுக்கு வந்து, கோணிச்சாக்கைத் தட்டிப் போட்டு உட்கார்ந்து, "இங்க என்னென்ன கலக்கறீங்கன்னு எனக்குக் காட்டுங்க தம்பி" என்றார். நான் காட்டினேன். அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி.

நாங்கள் செய்தது பேக்லைட் என்கிற கெட்டியான கறுப்புப் பிளாஸ்டிக் சாமான். பம்பாயிலிருந்து ரயிலில் போத்தனூர் வந்து இறங்கும் பிசின் தூள்தான் மூலப்பொருள். மூட்டையைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். அதை மட்டும் அச்சில் போட்டு அழுத்தினால் பார்க்கப் பளபளப்பாக வரும், கீழே போட்டால் சில்லுச் சில்லாகப் போகும். அதற்கு ஒரு துணை வேண்டும். மரக்கடையில் கிடைக்கும் மரத்தூளைச் சலித்துக் கலப்போம். டிரம்மில் போட்டுச் சுற்றி, சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவில் விட்டு எடுத்து, உடைத்துப் பொடியாக்கி, பிறகு அச்சு. இதில் எல்லாம் அடங்கியிருப்பது ஒரே விஷயத்தில். அந்தத் தூள் எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் பரவியிருக்க வேண்டும். ஒரு மூலையில் கூடிக்கொண்டு இன்னொரு மூலையில் இல்லாமல் போனால், இல்லாத இடத்தில் விரிசல் விடும், கூடின இடம் ஈரத்தைக் குடிக்கும்.

இதை நான் அவருக்கு முதல் நாளில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஏனென்றால் அவர் ஏற்கெனவே அப்படிப்பட்ட ஆள். பிறந்ததிலிருந்தே அவருக்குக் கட்டி ஆகாது. எங்கே எது கட்டி தட்டி நின்றாலும் அவரால் சும்மா இருக்க முடியாது. நான் அவருடைய வியாதிக்கு ஒரு தொழிலைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

அவர் வீட்டு உப்புமாவில் முந்திரி கண்ணுக்குத் தெரியாது. வாயிலும் தெரியாது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அம்மணி, நெய் வாசம் வருதுங்க, முந்திரி வாசம் வருதுங்க, முந்திரியத்தான் காணோம்."

"எல்லாத்து இலையிலயும் இருக்குதுங்க தம்பி. நொறுக்கிப் போட்டிருக்குது. ஒருத்தருக்கு நாலு விழுந்து, ஒருத்தருக்கு ஒண்ணுமில்லாம போனா அது உப்புமாவுங்களா? அநியாயமுங்க அது."

தீபாவளிக்கு ஷெட்டில் இனிப்புக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு துண்டு. கடைசியில் ஒன்றிரண்டு மிஞ்சினால், வேறு முதலாளியாக இருந்தால் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், அல்லது மேஸ்திரியிடம் கொடுப்பார்கள். அம்மணி அந்த மிச்சத் துண்டைக் கத்தியால் சீவி, எறும்பு தூக்கும் அளவுக்கு நறுக்கி, மறுபடியும் எல்லோர் கையிலும் வைத்துக்கொண்டு வருவார். தமக்கென்று ஒன்று எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் விரலில் ஒட்டியதைத் தட்டிவிட்டுக்கொள்வார்.

பஸ்ஸில் ஏறினால், வாசலில் நெருக்கிக்கொண்டு நிற்கிறவர்களை, "சித்தெ உள்ள போங்க கண்ணு, பின்னால காலியாத்தானே கெடக்குது" என்று சொல்லிச் சொல்லி ஒழுங்கு பண்ணிவிடுவார். கண்டக்டர்களுக்கு அவரைப் பிடிக்கும். என் மாமனாருக்குப் பிடிக்காது. அதற்குக் காரணம் என் கல்யாணம். பெண் வீடு ஆனைமலை. முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் மட்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். அம்மணி எங்கள் பக்கத்துக்காரராக வந்து, பந்தியில் உட்கார்ந்தவர் எழுந்துபோய், ஓரமாக நின்ற என் பெண்டாட்டியின் பெரியப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து எங்கள் மாமா பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு இன்னொருவரை. பிறகு இன்னொருவரை. பந்தி முடிவதற்குள் யார் யார் வீட்டுக்காரர் என்று பரிமாறுகிறவனுக்கே தெரியாமல் போயிற்று. மாமனாருக்கு அந்த அம்மாவின் மேல் வந்த கோபம் முழுவதும் என் தலையில் இறங்கியது. வெகுகாலம் கழித்துத்தான் ஆறினார்.

ஆனால் அவருடைய இந்தக் குணம் எல்லா நேரமும் சிரிக்கிற மாதிரி இருக்கவில்லை.

ஷெட்டில் இரண்டு தண்ணீர்ப் பானைகள் இருந்தன. வடக்குச் சுவரோரம் ஒன்று, தெற்குச் சுவரோரம் ஒன்று. யார் எதில் குடிப்பது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. அவரவர் ஊரிலிருந்து வரும்போதே அதைத் தெரிந்துகொண்டு வந்துவிடுவார்கள். டிரம் சுற்றுகிற பழனிச்சாமி தோட்டங்காடு சொந்தமாக இருந்த குடும்பத்துப் பிள்ளை, வடக்குப் பானை. சல்லடை போடுகிற ராக்கம்மா, அதே மாதிரித் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்குப் போனவர்கள் வீட்டுப் பெண், தெற்குப் பானை. மத்தியானச் சாப்பாடும் அப்படியே, இந்தக் கூட்டம் இங்கே, அந்தக் கூட்டம் அங்கே.

ஒருநாள் வடக்குப் பானை உடைந்து கிடந்தது.

"கை தவறிப் போச்சுங்க" என்றார் அம்மணி.

அவ்வளவு பெரிய பானையிடம் அவர் கைக்கு என்ன வேலை என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. புதிதாக ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

"ஒரு பானையே நெறயத் தண்ணி புடிக்குதுங்களே தம்பி. ரெண்டு எதுக்குங்க?"

சித்திரை வெயில். உருளைச் சூடு வேறு. பழனிச்சாமி வீட்டிலிருந்து தூக்குப்போசியில் தண்ணீர் கொண்டுவந்தார், அது பொழுது ஏறுவதற்குள் தீர்ந்துவிட்டது. இரண்டு பேர் வேலையை விட்டே நின்றுகொண்டார்கள், அதில் ஒருவர் திரும்பி வரவேயில்லை. எனக்கு அன்று அம்மணி செய்தது பிடிக்கவில்லை. ஆள் குறைந்தால் பிரஸ்ஸை யார் இழுப்பது? நேராகப் போய்க் கேட்டேன்.

"அம்மணி, நீங்க ஷெட்டு நடத்த வந்தீங்களா, ஊரைத் திருத்த வந்தீங்களா?"

"நான் ஒண்ணுந் திருத்தலீங்க தம்பி. கட்டி தட்டிக் கெடந்தா எனக்குக் கண்ணு உறுத்துதுங்க. அம்புட்டுத்தான்."

ஒரு மத்தியானம், ராக்கம்மா குடிப்பதற்காக மொண்டு வைத்திருந்த சொம்பைப் பழனிச்சாமி எடுத்து அண்ணாந்து குடித்தார். முழுச் சொம்பும் காலியானது. பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்தோம். ராக்கம்மா சொம்பை வாங்கி மறுபடியும் மொண்டுகொண்டார். அதற்குப் பிறகு ஒரு பானைதான்.

இனி அந்தக் கைப்பிடிக்கு வருகிறேன்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கெல்லாம் மின்சார மோட்டார் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் இறைக்கக் கவலை இழுத்த மாடுகள் கட்டுத்தறியில் நின்று அசைபோட ஆரம்பித்தன. மோட்டாரின் விலாவில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். திறந்தால் உள்ளே ஒரு கறுப்புத் தட்டு, அதில் பித்தளை போல்ட்டுகள். மின்கம்பி வந்து மாட்டும் இடம் அதுதான். கோயமுத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனிக்கு அந்தத் தட்டை நாங்கள்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஷெட் நின்றது அந்த ஒரு தட்டின் மேல்தான்.

தட்டு விரிசல் விடுகிறது என்று கம்பெனியிலிருந்து புகார் வந்தது. போய்ப் பார்த்தோம். குற்றம் தட்டில் பாதி, எங்கள் ஊர்க்காரர் கையில் பாதி. நட்டு இறுகிவிட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகும், ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் அதற்கு இன்னொரு முறுக்குக் கொடுக்காமல் விடமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் போதும் என்றால் போதாது என்று அர்த்தம். இலையைக் கையால் மறைத்தாலும் விரலுக்கு மேலேயே ஒரு கரண்டி விழும். நட்டுக்கும் அதே உபசாரம். மரத்தூள் தட்டு அந்தக் கடைசி முறுக்கைத் தாங்கவில்லை. விரிசலில் கிணற்றடி ஈரம் இறங்கினால் மோட்டாரைத் தொடுகிறவர் கதி என்ன? ஒரு தோட்டத்தில் ஒருவர் அடிபட்டுத் தூர விழுந்திருக்கிறார். உயிர் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ.

பொங்கலுக்குள் தாங்குகிற தட்டு கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் பம்பாயில் வாங்கிக்கொள்கிறோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். சொன்னவர் நல்லவர், காப்பி கொடுத்துத்தான் சொன்னார்.

அம்மணியின் கொழுந்தனாருக்கு இந்தச் செய்தி நாங்கள் திரும்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. பஞ்சு வியாபாரி, ஷெட்டில் அவருக்கும் பங்கு உண்டு. அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு, அண்ணியை வதினா என்பார். ஷெட்டுக்கு வந்து, நின்றபடியே பேசினார்.

"தை பொறந்தா பஞ்சு வந்து எறங்குமுங்க வதினா. வெக்க எடமில்லை. அதுக்குள்ள ஆர்டரு நெலச்சா ஷெட்டு உங்களுது, நான் வாயே தொறக்க மாட்டனுங்க. இல்லீன்னா குடோனாக்கிப் போடலாமுங்க. நீங்க எதுக்கு இந்தப் புழுதியில கெடந்து சீரழியோணும்? ஊட்டுல நிம்மதியா இருங்க."

அவரும் கெட்ட மனிதர் இல்லை. மனதில் பட்டதைத்தான் சொன்னார். அம்மணி "சரிங்க" என்றார். அவர் போன பிறகு என்னிடம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"ஊட்டுக்குள்ள போயி உக்காந்தா நானே கட்டி தட்டிப் போயிருவனுங்க தம்பி."

அதுவரை அவர் என்னிடம் பயந்து பேசி நான் கேட்டதில்லை. அவரை எதிர்த்துப் பேசிக்கொண்டே இருந்தவன், இந்த ஷெட்டை விடக்கூடாது என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

மரத்தூளுக்குப் பதிலாகப் பஞ்சைக் கலப்பது என்று முடிவானது. பஞ்சு இழைகள் பிசினுக்குள் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு தட்டைப் பிளக்க விடாது. மில்லுக்கு மில் கழிவுப் பஞ்சு குவிந்து கிடக்கிற ஊரில் இதைச் செய்யாமல் வேறு எங்கே செய்வது? பஞ்சைப் பொடியாக வெட்டி, பிசின் தூளோடு டிரம்மில் போட்டுச் சுற்றினோம். முதல் தட்டு வந்தது. அதை ரம்பத்தால் குறுக்கே அறுத்து, அரம் போட்டுத் தேய்த்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார் அம்மணி. கறுப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"கட்டிங்க" என்றார், இழவுச் செய்தி சொல்வதைப் போல.

இருந்தாலும் கம்பெனிக்கு எடுத்துப் போனோம். அங்கே சோதிக்கிறவர் ஒரு ஃபிட்டர். தோளைப் பார்த்து எல்லோரும் பயில்வான் என்று கூப்பிடுவார்கள். தட்டில் போல்ட்டை மாட்டி, நட்டைப் போட்டு, ஸ்பானரால் இறுக்கினார். தாங்கியது. பிறகு தோட்டக்காரர் கணக்கில் இன்னொரு முறுக்கு. 'டப்' என்றது. பயில்வானுக்கே சங்கடமாகி, "என் கை கொஞ்சம் பாரமுங்க அம்மணி" என்று ஸ்பானரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் அம்மணிக்குத் தோன்றிய மருந்து ஒன்றுதான். கலந்தது போதவில்லை, இன்னும் கலக்க வேண்டும். "இன்னுஞ் சித்தெ சுத்துங்க பழனிச்சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பழனிச்சாமி சுற்றினார். புள்ளி பெரிதானது. இன்னும் சுற்றினார். இன்னும் பெரிதானது. நான் என் படிப்பை எடுத்துவிட்டேன். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்றில் ஈரம் இருக்கிறது, பஞ்சு அதைக் குடித்துவிட்டுக் கட்டுகிறது என்றேன். தார்ப்பாயில் விரித்து வெயிலில் காய வைத்தோம். இரும்புச் சட்டியில் போட்டு வாட்டினோம். புள்ளி அப்படியே இருந்தது. என் டிப்ளமா அதோடு தீர்ந்துபோயிற்று. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்ள ஆரம்பித்தோம். மார்கழி பிறந்துவிட்டது.

ஒரு மத்தியானம் அம்மணிக்கு முழங்கால் வலி. மரத்தூள் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்துச் சாய்ந்துவிட்டார். அவர் வீட்டுக்குப் போய்விட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அங்கிருந்து மூட்டை இடுக்கு வழியாக டிரம் நன்றாகத் தெரியும். பின்னால் அவரே சிரிக்கச் சிரிக்கச் சொன்னது இது.

பழனிச்சாமி, தமக்குச் சொன்ன அளவுக்குச் சுற்றிவிட்டு நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகிற போக்கில் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டுப் போனார். பிறகு சல்லடையோடு ராக்கம்மா வந்தார். சல்லடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "அம்மணி மனசு குளிரட்டும் சாமி" என்று முனகியபடி ஒரு கையால் டிரம்மைச் சுற்றினார். பிரஸ் ஆட்கள் பீடி குடிக்கப் போனார்கள், போகும்போது ஆளுக்குக் கொஞ்சம், வரும்போது ஆளுக்குக் கொஞ்சம். டீ கொண்டுவந்த கடைக்காரர் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, தம் பங்குக்குச் சுற்றினார்.

கடைசியாகக் கொழுந்தனார் வந்தார். எத்தனை பொதி அடுக்கலாம் என்று பார்க்க டேப்போடு வந்திருந்தார். ஒரு சுவரை அளந்தார். இன்னொரு சுவரை அளந்தார். டிரம் பக்கத்தில் வந்ததும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, டேப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கிச் சுற்றினார்.

மூட்டைக்குப் பின்னாலிருந்து அம்மணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கொழுந்தனார் டேப்பைக் கீழே போட்டார். பிரஸ்ஸை விட்டுவிட்டு நானும் ஓடினேன்.

"ஏனுங்க, நீங்களுமா?"

"இல்லீங்க வதினா... நல்லாக் கலந்தா உங்குளுக்கு நல்லதுதானேன்னு... போற வழியில..." என்று தரையைப் பார்த்தார். ஷெட்டை மூட வந்தவர் அவர்.

அம்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரம்மின் மூடியைத் திறக்கச் சொன்னார். கையை விட்டு அள்ளினார். பிசின் தூளுக்கு நடுவில் பருத்திக்கொட்டை அளவுக்குப் பஞ்சு உருண்டைகள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் தேய்த்தார். இன்னும் கெட்டியாயிற்று. தேய்க்கிற கை பாதியில் நின்றது. அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல அடங்கி, வேறு ஏதோ வந்தது.

"தம்பி, ஈரமுமில்லை ஒண்ணுமில்லீங்க. பஞ்சை உருட்டுனா உருளாம என்னுங்க செய்யும்? மொதல்ல சுத்தறப்போ பிரியுது. பொறவு சுத்தச் சுத்த ஒண்ணோட ஒண்ணு புடிச்சுக்குது. நாந்தானுங்க இன்னுஞ் சித்தெ, இன்னுஞ் சித்தென்னு சொல்லிக் கெடுத்தது." அந்த உருண்டையை விரல் நுனியில் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "பாத்துக்குங்க. நீங்க எல்லாருமாச் சேந்து எம்மேல வச்ச பாசமுங்க இது."

யாருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ராக்கம்மா இரண்டையும் செய்தார்.

அன்று சாயங்காலமே டிரம்மின் கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார் அம்மணி. கலக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அது அவரிடம்தான் இருந்தது. கடைக்குப் போனாலும் பையில், கோயிலுக்குப் போனாலும் பையில். எங்கள் மேல் உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லையா என்று பழனிச்சாமி வருத்தப்பட்டுக் கேட்டதற்கு, "உங்க மேல இருக்குதுங்க. எம்மேலதான் இல்லை" என்றார். அது உண்மை. அவர்தான் முதல் ஆளாகச் சுற்றியிருப்பார்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினோம். பிசினும் கறுப்புச் சாயத்தூளும் முதலில் டிரம்முக்குள் போயின. அதைச் சுற்றி நிறுத்திய பிறகு, ராக்கம்மா பஞ்சைச் சல்லடை வழியாக, மாவு தூவுவதைப் போலக் கொஞ்சமாக உதிர்ப்பார். பழனிச்சாமி கொஞ்சம் சுற்றுவார், நிறுத்துவார். மறுபடி ராக்கம்மா. மறுபடி பழனிச்சாமி. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை அது. சீக்கிரமே வாயைத் திறக்காமலே செய்யப் பழகிவிட்டார்கள். அம்மணிக்குக் கொடுத்த வேலைதான் கஷ்டமானது. பக்கத்தில் நின்று, 'இன்னுஞ் சித்தெ' என்று சொல்லாமல் இருக்க வேண்டும். சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பார். கடித்துக் கடித்து அந்த வாயல் சேலையின் தலைப்பு நைந்தே போயிற்று.

உடனே சரியாகிவிடவில்லை. பயத்தில் சுற்றாமலே விட்டுப் பிசின் தனியாக, பஞ்சு தனியாக வரி வரியாக வந்த தட்டும் உண்டு. உருளைச் சூடு அதிகமாகிக் கருகியதும் உண்டு. அது என் பகுதி, ஆகையால் அதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. கடைசியில் ஒரு தட்டை அறுத்துத் தேய்த்து அம்மணியின் கையில் கொடுத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். வெள்ளைப் புள்ளி இல்லை. தட்டு முழுக்க மேகம் மூடின வானம் மாதிரி ஒரே சாம்பல் நிறம்.

"பஞ்சு எங்க தம்பி?"

"எல்லாப் பக்கமும் இருக்குதுங்க அம்மணி. தெரியாம இருக்குது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். உப்புமா நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

போகிக்கு முந்தின நாள், தட்டுகளை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நாங்கள் பஸ் ஏறினோம். நான் முதலில் சொன்ன பஸ் அதுதான். கம்பெனியில் எங்களுக்கு முன்னாலேயே கொழுந்தனார் வந்து உட்கார்ந்திருந்தார். எதற்கு வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பயில்வான் தட்டை மேசைப் பிடிப்பில் பொருத்தினார். போல்ட், நட்டு, ஸ்பானர். இறுக்கினார். நிறுத்திவிட்டு அம்மணியைப் பார்த்தார். அம்மணி மடியில் பையை வைத்துக்கொண்டு, பைக்குள் அந்தக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். பயில்வான் மூச்சை இழுத்துக்கொண்டு அந்த இன்னொரு முறுக்கைக் கொடுத்தார். சத்தமில்லை. தட்டு அப்படியே இருந்தது.

"தாங்கிருச்சுங்க!" என்று ஸ்பானரைக் கீழே வைத்தார். கொழுந்தனார் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, அங்கயே நிறுத்திப் போட்டீங்க?" என்றார் அம்மணி. "எங்கூர்க்காரங்க அங்கெல்லாம் நிறுத்த மாட்டாங்க. இன்னொரு முறுக்கு முறுக்குங்க."

'இன்னும்' என்கிற வார்த்தை வாயில் வராமலிருக்க எத்தனை நாள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்ற அம்மா! நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பயில்வான் இரண்டு கையாலும் ஸ்பானரைப் பிடித்து, காலை ஊன்றி, மொத்த உடம்பையும் கொடுத்து முறுக்கினார்.

'டப்.'

அம்மணி கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

பயில்வான் குனிந்து பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பாதியில் அறுந்துபோன பித்தளை போல்ட்டைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"தட்டுக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி. இனி போல்ட்டைத்தான் மாத்தோணும்."

"அது எங்க வேலை இல்லீங்க" என்றார் அம்மணி. சொல்லிவிட்டு, அத்தனை ஆண்களுக்கு நடுவில், நைந்துபோன சேலைத் தலைப்பை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதார். கொழுந்தனார் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர் கண்ணையும் நான் பார்த்தேன்.

வருகிற வழியில் மைசூர்பாக் வாங்கினோம். கொழுந்தனாரின் காரிலேயே ஷெட்டுக்கு வந்தோம். நாங்கள் சொல்வதற்கு முன்பே, காரிலிருந்து இறங்கிய முகங்களைப் பார்த்து எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அம்மணி பையிலிருந்து கைப்பிடியை எடுத்துப் பழனிச்சாமியிடம் கொடுத்தார்.

"மாட்டிப் போடுங்க. பொங்கல் கழிஞ்சதும் வேலை இருக்குதுங்க."

பிறகு இனிப்புப் பொட்டலத்தைப் பிரித்தார். ஆளுக்கு ஒரு துண்டு. பழனிச்சாமி, ராக்கம்மா, பிரஸ் ஆட்கள், நான், கொழுந்தனார். பொட்டலத்தில் ஒன்று மிஞ்சியது. அது கத்திக்குப் போகும் என்று எங்களுக்குத் தெரியும், ஆகையால் எல்லோரும் இன்னொரு கையை நீட்டியபடி காத்திருந்தோம்.

அம்மணி அந்தத் துண்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு அதை நறுக்காமல் கிள்ளாமல் முழுசாகத் தம் வாயில் போட்டுக்கொண்டார்.

"வதினா, உங்குளுக்கு ஒண்ணு முழுசாப் போயிருச்சாட்ட இருக்குதுங்க" என்றார் கொழுந்தனார்.

வாய் நிறைந்திருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.